குத்தகைக்குப் போன சூப்பர்ஹீரோக்கள்

1992 டிசம்பர் கடைசி வாரம். லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதி. முன்பு மரவாடியாக இருந்த இடத்தில் மலிவுப் படங்களுக்குப் பேர்போன ராஜர் கோர்மன் நடத்திவந்த ஸ்டுடியோவில், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற சூப்பர்ஹீரோ படத்தின் படப்பிடிப்பு அவசர அவசரமாகத் தொடங்குகிறது. பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். இப்படிப்பட்ட கதைக்கு அது அந்தக் காலத்திலேயே ரொம்பச் சொற்பம். உடம்பு பாறையாகிப் போனவனுக்கு ஒரு ரப்பர் உடுப்பு கிடைத்தது. உடம்பை இழுத்து நீட்டுகிறவனுக்கு அதுகூட வாய்க்கவில்லை. படத்தின் கடைசிக் காட்சியில் கல்யாணம் முடிந்து மணமக்கள் காரில் கிளம்புகிறார்கள். காரின் கூரைத் திறப்பு வழியாக ஒரு நீளமான கை வெளியே வந்து டாட்டா காட்டுகிறது. பார்த்தாலே தெரியும், அது கையல்ல, கையுறை மாட்டிய ஏதோ ஒன்று.

அதில் நடித்தவர்கள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். படம் வரப்போகிறது என்று நம்பிச் சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய் விளம்பரமும் செய்தார்கள். 1994 ஜனவரியில் முதல் காட்சி என்று நாள்கூடக் குறித்தாயிற்று. படம் வரவேயில்லை. இந்தப் பாத்திரங்களின் சொந்தக்காரரான காமிக்ஸ் நிறுவனம் மார்வெலில் அப்போது பொறுப்பில் இருந்த அவி அராட், பணம் கொடுத்துப் படத்தை வாங்கிப் பிரதிகளை அழித்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். இன்று அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறவர்கள் எல்லோரும் திருட்டுப் பிரதியில் பார்த்தவர்கள்தான்.

பின்னே எதற்காக எடுத்தார்கள்? ஜெர்மனியின் கான்ஸ்டன்டின் நிறுவனத்தை நடத்திய பெர்ன்ட் ஐஷிங்கர், 1980களில் இந்த நால்வரின் பட உரிமையை வாங்கியிருந்தார். 1992 டிசம்பர் 31க்குள் படப்பிடிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும் என்பது ஒப்பந்தம். அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. கோர்மனிடம் போனார். இந்தப் படத்தை வெளியிடும் எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை, பாவம் நடிகர்களுக்குத்தான் அது தெரியாது என்று அந்த நால்வரைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீ பிறகு சொன்னார். ஐஷிங்கர் அதை மறுத்தார். யார் சொன்னது நிஜமானாலும் ஒன்று நடந்தது: கெடுவுக்குள் கேமரா ஓடியது, உரிமை கை நழுவவில்லை. 2005இல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ பெரும் செலவில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' எடுத்தபோது தயாரிப்பாளர் பட்டியலில் ஐஷிங்கரின் பெயர் இருந்தது.

சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் இயக்குநரைப் பேசுகிறோம், நடிகரைப் பேசுகிறோம், கிராஃபிக்ஸைப் பேசுகிறோம். எந்த நாயகன் எந்தப் படத்தில் வருவான், எப்போது வருவான், யாரோடு சேர்ந்து வருவான், சில சமயம் எந்தச் சொல்லை வாயால் சொல்லலாம் என்பதுவரை முதலில் முடிவாகிற இடம் பத்திரம்தான். கதை அதற்குப் பிறகுதான் எழுதப்படுகிறது. இத்தனை வருடமாக இந்தப் படங்களை ஆசையோடு பார்த்துவருகிற எனக்கு, அந்தப் பத்திரங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் பல படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரிந்தது.

நம் ஊர் நிலக் கணக்கில் சொன்னால் சுலபமாக விளங்கும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுது பயிர் வைப்பவர் வேறொருவராக இருப்பார். ஸ்பைடர்மேனின் பட்டா மார்வெல் பெயரில். காமிக்ஸ் போடும் உரிமை அவர்களுடையது. சினிமா எடுக்கும் உரிமையைச் சோனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். சாதாரணக் குத்தகையில் வருஷம் முடிந்தால் நிலம் திரும்பும். இதில் வேறு மாதிரி: பயிர் வைத்துக்கொண்டே இருக்கிறவரை நிலம் உன்னுடையது, தரிசாகப் போட்டால் என்னிடம் வந்துவிடும். இந்த ஒரு நிபந்தனைதான் 30 வருட ஹாலிவுட் வரலாற்றில் பாதியை எழுதியிருக்கிறது என்பேன்.

அப்புறம், ஒரே நிலத்தைக் கூறு போட்டும் விற்கலாம். நம் சினிமாவில் தியேட்டர், சாட்டிலைட், ஆடியோ, ரீமேக் என்று தனித்தனியாக விற்கிற மாதிரி, ஒரு கதாபாத்திரத்தின் திரையரங்க உரிமை ஒருவரிடமும், டிவி உரிமை இன்னொருவரிடமும், பொம்மையும் பனியனும் மூன்றாமவரிடமும் போகலாம். ஸ்பைடர்மேனுக்கு நடந்தது அதுதான்.

1985இல் கேனன் என்ற நிறுவனம் அவன் பட உரிமையை 2.25 லட்சம் டாலருக்கு வாங்கியது. மலிவான சண்டைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. கதாபாத்திரம் என்னவென்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே எழுதப்பட்ட முதல் கதையில், ஸ்பைடர்மேன் உடுப்புக்குள் இருக்கும் பையன் பீட்டர் பார்க்கர் மனிதச் சிலந்தி அரக்கனாகவே மாறிவிடுகிறான். கேனன் நொடித்தபோது அதன் தலைவர்களில் ஒருவரான மெனாஹெம் கோலன், பிரிந்து போகும் பங்காக ஸ்பைடர்மேனையும் எடுத்துக்கொண்டு போய்ப் புதிய கம்பெனி தொடங்கினார். படம் எடுக்கப் பணம் வேண்டும். அதற்காக டிவி உரிமையை வயாகாமுக்கும், வீடியோ உரிமையைக் கொலம்பியாவுக்கும், திரையரங்க உரிமையைக் கரோல்கோவுக்கும் விற்றார். கரோல்கோ ஜேம்ஸ் கேமரூனைப் பிடித்தது, அவர் கதையும் எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில் தன் பெயர் தயாரிப்பாளராக வரவில்லை என்று கோலன் வழக்குப் போட்டார். ஒரு வழக்கு இன்னொரு வழக்கை இழுத்து வந்தது. 1995இல் கரோல்கோ திவால். கோலனின் கம்பெனியும் திவால். 1996 டிசம்பரில் மார்வெலே திவால். பட்டாதாரர், குத்தகைதாரர், உள்குத்தகைதாரர் என்று எல்லோரும் படுத்துவிட்ட நிலத்துக்கு யார் உரிமை கொண்டாடுவது?

முடிச்சு அவிழ்ந்த விதம் இன்னும் விசேஷம். பழைய கேனன் சொத்துகள் வழியாக ஸ்பைடர்மேன் தன்னுடையது என்றது எம்ஜிஎம் ஸ்டுடியோ. சோனியோ மார்வெலிடம் நேரடியாக வாங்கி வைத்திருந்தது. அதே சமயம் எம்ஜிஎம்முக்கு உயிர்நாடியான ஜேம்ஸ் பாண்டில் சோனி கை வைத்திருந்தது. பாண்ட் கதை ஒன்றில் பங்குரிமை கொண்டாடிய கெவின் மெக்லோரியோடு சேர்ந்து, போட்டிக்குத் தனி பாண்ட் படங்கள் எடுக்கப்போவதாக 1997இல் அறிவித்திருந்தது. 1999இல் இருவரும் சமரசம் ஆனார்கள். பாண்டை விட்டுச் சோனி விலகியது, ஸ்பைடர்மேனை விட்டு எம்ஜிஎம் விலகியது. 'கசினோ ராயல்' கதையின் பட உரிமையும் அந்தச் சமரசத்தில்தான் எம்ஜிஎம்முக்குப் போனது. டேனியல் கிரெய்க் பாண்ட் ஆனதற்கும் டோபி மெக்வயர் ஸ்பைடர்மேன் ஆனதற்கும் ஒரே சமரசத்தில் ஒரு பங்கு உண்டு.

மார்வெல் ஏன் தன் பிள்ளைகளை இப்படிக் கண்ட கண்ட இடத்துக்கு அனுப்பியது என்ற கேள்வி வரும். கஷ்டம்தான் காரணம். 1989இல் ரான் பெரல்மன் என்ற கோடீஸ்வரர் மார்வெலை 8.25 கோடி டாலருக்கு வாங்கினார், அதன் பெயரில் கடன் மேல் கடன் ஏற்றினார். 90களின் நடுவில் காமிக்ஸ் விற்பனை சரிந்தது, கடன் கழுத்தை நெரித்தது. திவாலில் இருந்து மீட்டெடுத்தவர்கள் டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனிக்காரர்கள். அவர்களுக்குப் பொம்மைதான் வியாபாரம், படம் என்பது பொம்மைக்கு விளம்பரம். படத்தின் லாபம் யாருக்குப் போனால் என்ன என்ற கணக்கு. எக்ஸ்-மென் ஏற்கனவே ஃபாக்ஸிடம், ஹல்க் யுனிவர்சலிடம்.

1998இல் ஸ்பைடர்மேனை விலை பேசப் போன சோனி அதிகாரியிடம், கைவசம் இருந்த கிட்டத்தட்ட எல்லாப் பாத்திரங்களையும் மொத்தமாக 2.5 கோடி டாலருக்குத் தருகிறோம் என்றது மார்வெல். அயர்ன்மேன், தோர், பிளாக் பேந்தர், எல்லோரும். சோனித் தலைமை வேண்டாம் என்றது. மற்றவர்களை யார் சீந்துவார்கள், ஸ்பைடர்மேனை மட்டும் வாங்கி வா என்று திருப்பி அனுப்பியது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாளர் பென் ஃப்ரிட்ஸ் பின்னாளில் இதைத் தோண்டி எடுத்து எழுதினார். கடைசியில் படிந்த விலை 1 கோடி டாலர் ரொக்கம், பட வசூலில் 5 சதவீதம், பொம்மை பனியன் வருமானத்தில் ஆளுக்குப் பாதி. இதைச் சோனியின் முட்டாள்தனம் என்று இன்று சொல்வது சுலபம். அன்றைக்கு ஒரு சூப்பர்ஹீரோ படம் ஓடும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை, முந்தைய வருடம்தான் பேட்மேன் படம் ஒன்று மண்ணைக் கவ்வியிருந்தது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் ஸ்பைடர்மேனை மட்டும்தான் கேட்டிருப்பேன்.

2002 மே மாதம் சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன்' வந்தது. வெளியான முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அது. உலகம் முழுக்கச் சேர்த்து 82 கோடி. 2004இலும் 2007இலும் அடுத்த இரண்டும் வந்தன. நான்காவதும் ரெய்மி எடுப்பதாக இருந்தது. 2011 மே மாதம் வெளியீடு என்று சோனி நாள் குறித்தது. கதை சரியாக அமையவில்லை, அந்தத் தேதிக்குள் நல்ல படம் தர முடியாது என்று 2010 ஜனவரியில் ரெய்மி விலகிக்கொண்டார். சோனி அதே மூச்சில், எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கப்போவதாக அறிவித்தது. புது நடிகர், புது இயக்குநர். பத்தே வருடத்தில், பீட்டரை வளர்த்த பெரியப்பா பென் திரையில் இரண்டாவது முறை சாக வேண்டியதாயிற்று.

ஏன் அத்தனை அவசரம்? 2014 நவம்பரில் சோனியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்கள். அதில் மார்வெலும் சோனியும் 2011இல் புதுப்பித்த ஒப்பந்தமும் கிடந்தது. அதில் இருக்கிறது விடை. ஒரு படம் வெளியான நாளில் இருந்து 3 வருடம் 9 மாதத்துக்குள் அடுத்ததன் படப்பிடிப்பு தொடங்க வேண்டும், 5 வருடம் 9 மாதத்துக்குள் அது திரைக்கு வர வேண்டும். தவறினால் உரிமை மார்வெலுக்கு. இந்தக் கணக்கை மூன்றாவது படத்துக்குப் போட்டுப் பாருங்கள். 2007 மே மாதம் வெளியானது, 2011 பிப்ரவரிக்குள் கேமரா ஓட வேண்டும். 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' படப்பிடிப்பு 2010 டிசம்பரில் தொடங்கியது. அடுத்து ஸ்பைடர்மேன் ஆன டாம் ஹாலண்ட் நடித்த மூன்றாவது படம் வந்தது 2021 டிசம்பர் நடுவில். அதே கணக்கில் அடுத்ததன் கெடு 2025 செப்டம்பர் நடு. அடுத்த படத்தின் படப்பிடிப்பு கிளாஸ்கோ தெருக்களில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. நடுவில் ஒப்பந்தம் எத்தனை முறை திருத்தப்பட்டிருந்தாலும், அந்தப் பழைய கெடிகாரத்தின் சத்தம் இந்தத் தேதிகளில் கேட்கத்தான் செய்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு பக்கம் உண்டு, எனக்கு அதுதான் மனதில் தைத்தது. ஸ்பைடர்மேன் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல். ஆணாக இருக்க வேண்டும். சித்திரவதை செய்யக் கூடாது. தற்காப்புக்கோ பிறரைக் காப்பதற்கோ அல்லாமல் கொல்லக் கூடாது. புகையிலை பிடிக்கக் கூடாது. பீட்டர் பார்க்கருக்குத் தனிப் பட்டியல்: முழுப் பெயர் பீட்டர் பெஞ்சமின் பார்க்கர், வெள்ளையன், பெண்களை விரும்புகிறவன், நியூயார்க்கின் குவீன்ஸில் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவன், பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும்போது சக்தி பெற்றவன். எழுத்தாளர் பேனாவைத் திறப்பதற்கு முன்பே வழக்கறிஞர்கள் பாத்திரப் படைப்பை முடித்து வைத்திருக்கிறார்கள்.

1962 ஆகஸ்ட் இதழுக்காக அந்த உடுப்பை வரைந்த ஸ்டீவ் டிட்கோ, முகம் முழுவதையும் மூடிவிட்டார். அதுவரை வந்த நாயகர்களுக்குப் பெரும்பாலும் கண்ணைச் சுற்றி மட்டும்தான் முகமூடி, வாயும் தாடையும் தெரியும். உள்ளே இருப்பது பச்சைப் பையன் முகம், அது தெரியக் கூடாது என்பதற்காக மூடினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். தலை முதல் கால் வரை ஒரு விரற்கடை தோல்கூட வெளியே தெரியாத உடுப்பு அது. ஊரில் எந்தப் பையனும் உள்ளே தன்னை வைத்துப் பார்க்கலாம், நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த உடுப்புக்குள் இருக்கும் தோலின் நிறத்தைப் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்று படித்த அன்று மனசு கொஞ்சம் கனத்துப் போனது.

சரி, மற்றவர்கள் கதைக்கு வருவோம். விற்றது போக மிச்சம் இருந்த பாத்திரங்களை வைத்து மார்வெல் செய்தது துணிச்சலான காரியம். 2005இல் மெரில் லிஞ்ச் மூலம் 52.5 கோடி டாலர் கடனுக்கு வழி செய்துகொண்டது. அடமானம் என்ன தெரியுமா? கேப்டன் அமெரிக்கா, நாயகர்கள் சேர்ந்த அவெஞ்சர்ஸ் குழு, பிளாக் பேந்தர், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்-மேன், ஷாங்-சி என்று 10 பெயர்களின் பட உரிமை. படம் ஓடாவிட்டால் அவர்கள் கடன்காரர் கைக்குப் போய்விடுவார்கள். அதே வருடம் நியூ லைன் நிறுவனம் எடுக்காமலே வைத்திருந்த அயர்ன்மேன் திரும்பி வந்தான். 2008இல் அவன் படம் உலகம் முழுக்க 58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மறு வருடம் டிஸ்னி 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மார்வெலையே வாங்கியது. யாரும் பெரிதாக மதிக்காத பாத்திரங்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதை என்பதால்தான் எனக்கு அந்த முதல் 'அயர்ன்மேன்' மேல் தனிப் பிரியம்.

ஹல்க்கின் நிலைமை விசித்திரம். யுனிவர்சல் அடுத்த படம் எடுக்காமல் விட்டதால் தயாரிப்பு உரிமை மார்வெலுக்குத் திரும்பியது. ஆனால் ஹல்க் பெயரில் தனிப் படம் எடுத்தால் விநியோகிக்கும் முதல் உரிமை யுனிவர்சலிடமே தங்கிவிட்டது. நெல் உன்னுடையது, ஆனால் என் வண்டியில்தான் சந்தைக்குப் போக வேண்டும் என்கிற மாதிரி. அதனால் 2008க்குப் பிறகு ஹல்க் அடுத்தவர் படங்களில் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போகிறானே தவிர, தனக்கென்று ஒரு படம் இல்லை. அவனுடைய முழுக் கதையும் தோர் படத்திலும் அவெஞ்சர்ஸ் படங்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

குவிக்சில்வர் என்ற வேகக்காரன் இரண்டு பட்டியலிலும் இருந்தான், எக்ஸ்-மென் குடும்பத்தில் பிறந்து அவெஞ்சர்ஸில் வளர்ந்தவன். அதனால் 2014இல் ஃபாக்ஸ் படத்தில் ஒரு முகத்தோடும் 2015இல் மார்வெல் படத்தில் வேறொரு முகத்தோடும் வந்தான். பிறவியிலேயே சக்தி கொண்டவர்களைக் குறிக்கும் 'மியூட்டன்ட்' என்ற சொல் ஃபாக்ஸின் வரப்புக்குள் இருந்தது, மார்வெல் படம் அவனை 'மேம்படுத்தப்பட்டவன்' என்று சுற்றி வளைத்துச் சொன்னது. சில நேரம் பண்டமாற்றும் நடந்தது. 'டெட்பூல்' படத்தில் நெகாசோனிக் என்ற பெண்ணின் சக்தியை மாற்றிக்கொள்ள ஃபாக்ஸுக்கு மார்வெலின் சம்மதம் வேண்டியிருந்தது. பதிலுக்கு ஈகோ என்ற உயிருள்ள கிரகத்தை மார்வெல் தன் 'கார்டியன்ஸ்' படத்துக்கு வாங்கிக்கொண்டது. 2019 மார்ச்சில் டிஸ்னி 7,130 கோடி டாலருக்கு ஃபாக்ஸை விலைக்கு வாங்கிய பிறகு இந்த வரப்புச் சண்டை ஓய்ந்தது.

ஓயாதது சோனியுடையது. 2011இல் சோனி ஒரு முடிவெடுத்தது: பொம்மை, பனியன் வருமானத்தில் தன் பாதியை மார்வெலுக்கே விற்றுவிட்டது. உடனடியாக 17.5 கோடி டாலர், இனி வரும் ஒவ்வொரு படத்துக்கும் 3.5 கோடி வரை. பதிலுக்குப் பட வசூல் மொத்தமும் சோனிக்கு. கையில் காசு கிடைத்தது, ஆனால் இதன் விளைவு ஆழமானது. அன்றிலிருந்து சோனி எடுக்கிற ஒவ்வொரு ஸ்பைடர்மேன் படமும் டிஸ்னியின் பொம்மைக் கடைக்கு விளம்பரம். 2015 பிப்ரவரியில் மார்வெல் படங்களின் தலைவர் கெவின் ஃபைகி சோனிக்காகப் படத்தை உருவாக்கித் தர முன்வந்ததும், படத்தில் பெரிதாகப் பங்கு கேட்காததும் இந்தப் பின்னணியில்தான். செலவும் லாபமும் கடைசி முடிவும் சோனியுடையது, சமையல் மார்வெலுடையது. பதிலுக்கு ஸ்பைடர்மேன் அவெஞ்சர்ஸ் வீட்டுக்குப் போய் வரலாம்.

நன்றாக ஓடியது. 2019இல் வந்த 'ஃபார் ஃப்ரம் ஹோம்' 113 கோடி டாலர் வசூலித்து, அதுவரை சோனி எடுத்த படங்களிலேயே அதிக வசூல் கண்டது. உடனே டிஸ்னி பாதிக்குப் பாதி முதலீடும் பாதிக்குப் பாதி லாபமும் கேட்டது. சோனி மறுத்தது. ஆகஸ்ட் 20 அன்று உறவு முறிந்த செய்தி வந்தது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஹாலண்ட் டிஸ்னித் தலைவர் பாப் ஐகரைத் தொலைபேசியில் பிடித்து உருகியதும், அதன் பிறகு ஐகர் மறுபடி பேசப் போனதும் இருவருமே பிறகு சொன்ன சங்கதி. செப்டம்பர் 27 அன்று மீண்டும் கை குலுக்கினார்கள்: டிஸ்னி 25 சதவீதம் போட்டு 25 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்து வாரம் இழுத்திருந்தால் 2021இல் மூன்று ஸ்பைடர்மேன் நடிகர்களும் ஒரே திரையில் நின்ற படத்தை, 190 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தை, நாம் பார்த்திருக்க மாட்டோம்.

இன்னொரு பக்கம் சோனி தன்னிடம் இருந்த ஒரே வயலின் வரப்பிலும் விதைக்கப் பார்த்தது. குத்தகைப் பட்டியலில் ஸ்பைடர்மேனோடு அவன் கதைகளில் வரும் நூற்றுக்கணக்கான பாத்திரங்களும் அடக்கம். ஸ்பைடர்மேனின் எதிரி வெனம் 2018இல் 85 கோடி டாலர் தந்தான். அந்தத் தெம்பில் மார்பியஸ், மேடம் வெப், கிரேவன் என்று அடுத்தடுத்து எடுத்தார்கள், மூன்றும் விழுந்தன. ஸ்பைடர்மேனே வராத ஸ்பைடர்மேன் உலகம். கதை கேட்டு எடுத்ததல்ல, பத்திரத்தில் பெயர் இருக்கிறதே என்று எடுத்தது. இதே சோனி அதே பத்திரத்தை வைத்து இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொரலஸின் அனிமேஷன் படத்தை 2018இல் எடுத்து ஆஸ்கர் வாங்கியதையும் சொல்லியாக வேண்டும். அங்கே எழுதியவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது.

இத்தனை கோடிகளுக்கு நடுவில், வரைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

1938 மார்ச் 1 தேதியிட்ட காசோலை ஒன்று இருக்கிறது. மொத்தம் 412 டாலர். அதில் 130 டாலர் சூப்பர்மேனுக்கு, அதாவது அவன் மீதான எல்லா உரிமைக்கும். வாங்கியவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு கிளீவ்லேண்ட் பையன்கள். காசோலையில் அவர்கள் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை, தப்பாக எழுதிய பெயரிலும் சரியான பெயரிலும் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டுத்தான் மாற்றினார்கள். 1970களில் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் வரப்போகிற சமயம் ஷஸ்டருக்குக் கண் பார்வை பெரும்பாலும் போயிருந்தது, சீகல் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சீகல் பத்திரிகைகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார், ஓவியர்கள் திரண்டார்கள். 1975இல், சூப்பர்மேனை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனம் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் தரவும் பெயர் போடவும் ஒப்புக்கொண்டது. 2012இல் அந்தக் காசோலைத் தாள் மட்டும் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு. 1978க்கு முந்தைய படைப்பு என்றால், 56 வருடம் கழித்துப் படைத்தவரோ வாரிசுகளோ நோட்டீஸ் கொடுத்து உரிமையைத் திரும்பப் பெறலாம். இளமையில் தெரியாமல் அற்ப விலைக்கு விற்றவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. ஆனால் கூலிக்குச் செய்த வேலை என்றால் இந்த வாய்ப்பு கிடையாது, அதில் முதலில் இருந்தே முதலாளிதான் படைப்பாளி. வழக்கெல்லாம் இந்த ஒரு புள்ளியில்தான் சுற்றுகிறது.

ஜாக் கிர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹல்க், தோர், எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்று மார்வெலின் பாதியை வரைந்த கை அவருடையது. மாதச் சம்பளம் கிடையாது. லாங் ஐலண்டில் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து வரைந்தார், பென்சிலும் அவர் காசுதான். ஏற்றுக்கொண்ட பக்கத்துக்கு மட்டும் பணம், திருப்பி அனுப்பிய பக்கத்துக்கு இல்லை. மார்வெல் கொடுத்த காசோலையின் பின்புறத்தில் உரிமை முழுதும் நிறுவனத்துக்கே என்று முத்திரை குத்தியிருக்கும், பணம் எடுக்கக் கையெழுத்துப் போட்டால் அதற்கும் கையெழுத்துப் போட்டதாக ஆகும். 2009இல் டிஸ்னி மார்வெலை வாங்குவதாக அறிவித்த சில வாரங்களில் அவர் பிள்ளைகள் 45 நோட்டீஸ் அனுப்பினார்கள். வேலை நடந்தது மார்வெல் கேட்டதால், செலவும் மார்வெலுடையது, ஆகவே அது கூலி வேலைதான் என்று 2011இலும் 2013இலும் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கை எடுப்பதா வேண்டாமா என்று நீதிபதிகள் கலந்து பேசுவதற்குச் சில நாள் முன்பு, 2014 செப்டம்பர் 26 அன்று, மார்வெல் சமரசம் செய்துகொண்டது. கீழே இரண்டு முறை ஜெயித்தவர்கள் ஏன் இறங்கி வந்தார்கள்? தோற்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாக இருந்தாலும் பணயத்தில் இருந்தது ஒட்டுமொத்த வயலும். அதன் பிறகு கிர்பியின் பெயர் படங்களிலும் காமிக்ஸிலும் ஒழுங்காக வருகிறது.

டிட்கோ பேட்டியே கொடுக்காதவர். மன்ஹாட்டனில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் தனியாக வரைந்துகொண்டிருந்துவிட்டு 2018இல் போய்ச் சேர்ந்தார். 2021இல் அவர் சொத்துக்குப் பொறுப்பானவர்கள் ஸ்பைடர்மேனுக்கும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கும் நோட்டீஸ் கொடுத்தார்கள், மார்வெல் திருப்பி வழக்குப் போட்டது. 2023 டிசம்பரில் இதுவும் சமரசத்தில் முடிந்தது, விவரம் வெளியே வரவில்லை. ஸ்பைடர்மேன் மார்வெலின் பட்டாவிலும் சோனியின் குத்தகையிலும் அப்படியே இருக்கிறான். 95 வருடக் கணக்குப்படி 1938இன் சூப்பர்மேன் 2034 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுச் சொத்தாவான், பேட்மேன் அதற்கு அடுத்த வருடம். டிட்கோ வரைந்த அந்த முதல் கதைக்கு 2058 வரை காத்திருக்க வேண்டும். ஸ்பைடர்மேன் படங்களில் 'ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ' என்று ஒரு வரி வரும். தியேட்டரில் அந்த இரண்டாவது பெயரைக் கண்ணால் பார்க்காமல் நான் எழுந்ததில்லை.